வண்டி ஓட்டுபவரை அழைக்கும் முன்

குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கும் நாட்களில், மற்றவர்கள் வீட்டுக்கும் வார்டுக்கும் இடையே ஓய்வின்றி அலைகிறார்கள். வேடசந்தூரிலிருந்து மாற்றுத்துணியுடன் ஒருவர், நத்தத்திலிருந்து பணம் புரட்டிக்கொண்டு ஒருவர், வத்தலக்குண்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சியுடன் ஒருவர் எனத் திண்டுக்கல்லை நோக்கி நாள்தோறும் பலர் வருகிறார்கள். இரவு உறங்காத கண்களும் கவலை நிறைந்த மனமுமாக வண்டி ஓட்டும் அவர்களுடைய சட்டைப்பையில் கைப்பேசி ஒலிக்கிறது. “எங்கே வருகிறீர்கள்?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். ஆகவே, கவனச் சிதறலைப் பற்றிய இந்தப் பாடம் ஓட்டுபவருக்கு மட்டுமன்றி, அழைப்பவருக்கும் உரியது.

ஓட்டுபவரின் கவனம் மூன்று வழிகளில் சிதறுகிறது. கண் சாலையை விட்டு விலகுகிறது. கை பிடியை விட்டு விலகுகிறது. மனம் வேறிடம் செல்கிறது. கைப்பேசி இம்மூன்றையும் ஒருசேரப் பறிக்கக்கூடியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஒரு குறுஞ்செய்தியைப் படிக்க 5 நொடிகள் குனிந்தால், 80 மீட்டருக்கும் மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

“நான் காதில் கருவி மாட்டியே பேசுகிறேன்” என்பார் சிலர். அது கையை விடுவிக்கிறது, மனத்தை விடுவிப்பதில்லை. அருகில் அமர்ந்திருப்பவர் பேசும்போது, எதிரே லாரி வந்தால் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார்; அவரும் சாலையைப் பார்க்கிறார். தொலைவிலிருந்து பேசுபவருக்கு லாரி தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார். தலைக்கவசத்துக்குள் கைப்பேசியைச் செருகியோ, தோளில் சாய்த்தோ பேசும் இருசக்கர வாகன ஓட்டிக்குப் பக்கப் பார்வையும் குறைகிறது, நிலையும் தடுமாறுகிறது.

நம் பகுதிச் சாலைகள் இந்தச் சிதறலைப் பொறுக்கக்கூடியவை அல்ல. கரூரிலிருந்து மதுரை செல்லும் நான்கு வழிச் சாலையில் விரைந்து வரும் வண்டிகளுக்கு நடுவே, கிராமத்துப் பாதைகளிலிருந்து டிராக்டரும் மிதிவண்டியும் ஆடுமாடுகளும் வந்து சேர்கின்றன. தைப்பூசக் காலத்தில் ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலையோரத்தில் பக்தர்கள் இரவிலும் நடக்கிறார்கள். அவர்களுடைய உயிர், ஓட்டுபவரின் ஒரு நொடிக் கவனத்தை நம்பியிருக்கிறது.

சட்டமும் இதனைக் கடுமையாகவே கருதுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தியபடி ஓட்டுவது 184ஆம் பிரிவின்கீழ் அபாயகரமான ஓட்டுதலாகச் சேர்க்கப்பட்டது. முதல் குற்றத்துக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

“வார்டிலிருந்து அவசரச் செய்தி வந்தால் என்ன செய்வது?” என்ற கேள்வி நியாயமானது. அதற்காகவே குடும்பத்தாரிடம் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

● நோயாளியைச் சேர்க்கும்போது இரண்டு கைப்பேசி எண்களைக் கொடுங்கள். ஓர் எண்ணாவது அருகில் தங்கியிருப்பவருடையதாக இருக்கட்டும்.

● யாரை அழைத்தாலும், “வண்டியிலா இருக்கிறீர்கள்?” என்பதே முதல் கேள்வியாகட்டும். ஆம் என்றால், “நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள்.

● துயரச் செய்தியை ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் சொல்லாதீர்கள். உடன் வருபவரிடமோ, அவர் வந்து சேர்ந்த பின்னரோ சொல்லுங்கள்.

● அத்தகைய செய்தியைக் கேட்டவர் தனியே வண்டி எடுக்க வேண்டாம். வேறொருவர் ஓட்டட்டும், இயலாவிடில் பேருந்தே நலம்.

● ஓட்டுபவர் புறப்படும் முன் கைப்பேசியை ஒலியடக்கிப் பையில் வைக்கட்டும். வழி பார்க்க வேண்டுமாயின், புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளட்டும்.

● பேசியே ஆக வேண்டுமெனில், சாலையை விட்டு முற்றிலும் விலகி, பெட்ரோல் நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ நிறுத்திப் பேசட்டும்.

செய்தி எத்தனை அவசரமாயினும், ஓடும் வண்டியில் இருப்பவரால் அந்த நொடியில் நோயாளிக்குச் செய்யக்கூடியது ஒன்றே: பத்திரமாக வந்து சேர்வது. படுக்கையில் இருப்பவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்து நிமிடம் தாமதமானாலும், நீங்கள் பார்வையாளராகவே இங்கு வர வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.