ஓபன்பிஎஸ்டி மென்பொருளை லினக்ஸுக்குக் கொண்டுவருவது எப்படி?

ஓபன்பிஎஸ்டிக்காக சி மொழியில் எழுதிய ஒரு சர்வர் நிரல் லினக்ஸில் ஓட வேண்டும். இரண்டும் யூனிக்ஸ் வழியில் வந்த பங்காளிகள்தான். ஆனால் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. 1999 முதல் இதே வேலையைச் செய்துவரும் ஓபன்எஸ்எஸ்எச் திட்டத்தின் முறை நமக்கு நல்ல முன்மாதிரி.

1. மூல நிரலில் முடிந்தவரை கை வைக்காதீர்கள். லினக்ஸில் இல்லாத ஃபங்ஷன்களைத் தனி ஃபோல்டரில் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலத்தின் அடுத்த பதிப்பு வரும்போது இணைப்பது எளிது.

2. ஒருமுறை கம்பைல் செய்து பிழைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஹெட்டர் இல்லாதவை, ஃபங்ஷன் இல்லாதவை, ஸ்ட்ரக்சர் மாறுபடுபவை. சாக்கெட் முகவரி ஸ்ட்ரக்சரில் பிஎஸ்டி வைத்திருக்கும் நீளப் புலம் லினக்ஸில் கிடையாது.

3. 'இது லினக்ஸா?' என்று பார்க்காமல், 'இந்த ஃபங்ஷன் இருக்கிறதா?' என்று ஆட்டோகான்ஃப் கருவி மூலம் சோதியுங்கள். எடுத்துக்காட்டாக, ஓபன்பிஎஸ்டியில் உள்ள ஸ்ட்ரல்காப்பி ஃபங்ஷன், லினக்ஸில் பரவலாக உள்ள சி நூலகமான ஜிலிப்சியில் பல ஆண்டுகள் இல்லை, 2023இல் 2.38 பதிப்பில் வந்துவிட்டது. லினக்ஸ் என்றாலே அது இருக்காது என்று நம்பி, அதே பெயரில் சொந்தமாக ஒரு 'ஸ்டாட்டிக்' ஃபங்ஷன் எழுதியவர்களுக்குப் புதிய ஜிலிப்சியில் கம்பைலே ஆகாது. இருப்பைச் சோதித்தவர்களுக்குச் சிக்கலில்லை.

4. கம்பைலர் காட்டிக்கொடுக்காத வேறுபாடுகளைத் தேடுங்கள். காத்திருக்காத (நான்-பிளாக்கிங்) நிலையில் உள்ள சாக்கெட்டில் 'அக்செப்ட்' அழைத்தால், ஓபன்பிஎஸ்டியில் புதிய சாக்கெட்டும் அதே நிலையில் பிறக்கும், லினக்ஸில் பிறக்காது. நிரல் ஓடும். ஆனால் மெதுவான ஒரு பயனருக்காக மொத்த சர்வரும் நின்றுவிடலாம். 'அக்செப்ட்4' பயன்படுத்தி, வேண்டிய நிலையை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

5. பாதுகாப்பு அழைப்புகளை வெற்று ஃபங்ஷனால் நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். நிரல் என்னென்ன செய்யலாம் என்று ஓபன்பிஎஸ்டியில் கட்டுப்படுத்தும் 'பிளெட்ஜ்' எப்போதும் வெற்றி என்று பதில் சொல்லும்படி எழுதினால் நிரல் ஓடும். வேலி மட்டும் இருக்காது. லினக்ஸில் அந்த இடத்துக்கு செக்காம்ப் வடிகட்டி எழுத வேண்டும். ஓபன்எஸ்எஸ்எச்சும் அதைத்தான் செய்கிறது.

6. ஜிலிப்சி உள்ள டெபியனிலும், மசல் நூலகம் உள்ள ஆல்பைனிலும் சோதனைகளை ஓட்டுங்கள். 'அக்செப்ட்4' போல இரு பக்கமும் பொருந்தும் திருத்தங்களை மூலத் திட்டத்துக்கே அனுப்புங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால், அடுத்த பதிப்பில் நீங்கள் சுமக்க வேண்டிய பேட்ச் ஒன்று குறையும்.