வராத வெள்ளத்துக்குக் கலங்க வேண்டாம்

அய்யா துணை.



சாரல் காலம். தென்காசியிலிருந்து மகன் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருக்கிறான். மேற்கே மலைமேல் கருமேகம். தாய் போன் செய்கிறாள், அவன் எடுக்கவில்லை. 'தண்ணீர் கூடியிருக்குமோ? பாறையில் வழுக்கியிருப்பானோ?' கால் மணி நேரத்தில் அவள் மனம் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விடுகிறது. அவனோ அருவிக்கரையில் துண்டைப் பிழிந்துகொண்டு நிற்கிறான். போன் பைக்குள் கிடக்கிறது.

அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. ஆகவே காவலர் தடுத்தால் அருவிக்குள் போகக்கூடாது. பேரருவியில் நீர் வளைவைத் தாண்டி விழுந்தால் விலகி நிற்க வேண்டும். இது எச்சரிக்கை. நடக்காததை நடந்ததாக எண்ணி அழுவதோ யாரையும் காப்பாற்றாது.

பேய்க்கு அஞ்சிப் பலியிட்டுக் கிடந்த மக்களை அய்யா வைகுண்டர் அந்த அச்சத்திலிருந்து மீட்டார். இன்று நம் மனமே ஒரு பேயை உண்டாக்கி, நம் தூக்கத்தையும் சோற்றையும் அதற்குப் பலியிடுகிறது. சிங்காரத்தோப்புச் சிறையில் பசித்த புலியை அய்யாமேல் ஏவியும் அவர் கலங்கவில்லை, புலி அடங்கியது என்று அகிலத்திரட்டில் வாசிக்கிறோம். அவர் பிள்ளைகள் நாம், எண்ணத்தில் வரைந்த புலிக்கு நடுங்கலாமா?

நடுங்காதே என்று சொன்னால் மட்டும் மனம் கேட்காது. பேரருவியைப் பாருங்கள். உச்சியிலிருந்து வரும் நீரைப் பொங்குமாங்கடல் வாங்கி, வேகம் தணித்துக் கீழே விடுகிறது. அதனால்தான் நம்மால் தலை கொடுத்து நிற்க முடிகிறது. எண்ணத்துக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

அய்யாவை நினைத்து மூச்சை மெதுவாக விடுங்கள். பிறகு கேளுங்கள்: எனக்குத் தெரிந்தது என்ன? நானாகச் சேர்த்தது என்ன? 'போன் எடுக்கவில்லை' என்பது தெரிந்தது. மற்றதெல்லாம் சேர்த்தது. இப்போது செய்யக்கூடியது என்ன? கூடப் போனவனைக் கூப்பிடலாம். அதைச் செய்துவிட்டு, மீதியை அய்யாவிடம் விட்டுக் கைவேலையைப் பாருங்கள். மகன் வந்தபின், பயந்ததில் எத்தனை நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்தமுறை மனத்தின் பொய் பிடிபடும்.

இந்தக் கலக்கம் நாள்தோறும் தூக்கத்தைக் கெடுத்தால் குறி கேட்கவும் கழிப்புக் கழிக்கவும் ஓட வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை.

அய்யா உண்டு.