கணவாய்ப் பசியும் காஸாவின் பசியும்

ஜும்ஆவுக்குப் பின் பாலஸ்தீன மக்களுக்காகக் கையேந்திவிட்டு வரும் சகோதரர்கள் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்கின்றனர். காஸாவுக்கு நாம் அனுப்பும் சிறு உதவியால் என்ன ஆகிவிடப் போகிறது? யூதர்களோடு சமாதானம் என்று பேசுவது மார்க்கத்திற்கு உடன்பாடானதா? இரண்டுக்கும் விடை அறிய, அபூதாலிப் கணவாய்க்குப் போக வேண்டும்.

நுபுவ்வத்தின் ஏழாம் ஆண்டில் குறைஷித் தலைவர்கள் ஓர் ஏடு எழுதிக் கஃபாவில் தொங்கவிட்டார்கள். ஹாஷிம் குடும்பத்தாரோடு கொள்வினை கொடுப்பினை இல்லை, வியாபாரம் இல்லை. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பெருமானார் (ஸல்) அவர்களும் குடும்பத்தாரும் அக்கணவாயில் அடைபட்டுக் கிடந்தார்கள். இலை தழைகளைத் தின்றார்கள். பசித்த குழந்தைகளின் அழுகுரல் வெளியே கேட்டது.

அப்போது ஹிஷாம் பின் அம்ரு என்பவர் இரவில் உணவுச் சுமையோடு ஒட்டகத்தைக் கணவாயின் வாசல் வரை ஓட்டி வருவார்; கடிவாளத்தை அவிழ்த்துவிட்டு, விலாவில் ஓர் அடி கொடுத்து உள்ளே விரட்டிவிடுவார். அவர் அன்று முஸ்லிம் அல்லர். தடை விதித்த குறைஷியரில் ஒருவர். அந்த ஒட்டகத்தால் முற்றுகை நீங்கிவிடவில்லைதான். ஆனால் குழந்தைகள் உயிரோடு இருந்தார்கள். பின்னர் அதே ஹிஷாம், முத்இம் பின் அதீ உள்ளிட்ட நால்வரைத் தேடிப் பிடித்து, அநியாய ஏட்டைக் கிழித்தெறிய ஏற்பாடு செய்தார். முத்இம் கிழிக்கப் போனபோது, அல்லாஹ்வின் திருநாமம் தவிர மற்றதைக் கறையான் அரித்திருந்தது. முத்இம் ஈமான் கொள்ளாமலே இறந்தார். ஆயினும் அவர் உயிரோடிருந்து கேட்டிருந்தால் பத்ருக் கைதிகளை அவருக்காக விட்டிருப்பேன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியிருக்கிறது.

பின்னாளில் நிலை மாறியது. யமாமாவின் தலைவர் துமாமா (ரலி) இஸ்லாத்தைத் தழுவியதும், மக்காவுக்குப் போகும் தானியத்தை நிறுத்திவிட்டார். ஒரு காலத்தில் நபியவர்களைப் பட்டினி போட்ட ஊர் அது! குறைஷிகள் உறவைச் சொல்லிக் கெஞ்சிக் கடிதம் எழுதினார்கள். தானியத்தை விட்டுவிடும்படி பெருமானார் துமாமாவுக்கு எழுதினார்கள். மக்கா அன்றும் பகை நாடுதான்.

இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு காஸாவைப் பாருங்கள். 2007 முதல் முற்றுகையில் இருந்த அந்த நிலத்தில், 2025 மார்ச் 2 முதல் சுமார் பதினொரு வாரங்கள் உணவும் மருந்தும் நுழையவிடப்படவில்லை. ஆகஸ்ட் 22 அன்று காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக, ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் ஆய்வுக் குழு அறிவித்தது. அக்டோபர் 10இல் போர் நிறுத்தம் வருமுன் மாண்டோர், காஸா சுகாதார அமைச்சகக் கணக்கில், 60,000ஐத் தாண்டிவிட்டனர். இது அநியாயம் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

அதே நாவால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர்; 251 பேர் பிணையாகப் பிடிக்கப்பட்டனர். பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைப் போரிலும் தடுத்தவர்கள் நம் நாயகம். கைதிக்கு உணவளிப்போரைத் திருமறை (76:8) புகழ்கிறது. எலும்பும் தோலுமாகக் காட்டப்பட்ட பிணைக்கைதியின் படத்தைப் பார்த்து ஒரு முஸ்லிம் மகிழ இடமில்லை.

அன்று கொல்லப்பட்டவர்களில் விவியன் சில்வர் என்ற யூதப் பெண்மணியும் ஒருவர். காஸா நோயாளிகளை எல்லைச் சாவடியிலிருந்து இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குத் தம் வண்டியில் ஏற்றிச் சென்றவர். சமாதானத்திற்காகப் பெண்களைத் திரட்டியவர். ஹிஷாமின் ஒட்டகம் நமக்கு நினைவு வருகிறது. நம்மோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று 60:8 வசனம் தெளிவாகவே உணர்த்துகிறது.

ஆனால் ஒட்டகம் மட்டும் போதாது, ஏடும் கிழிய வேண்டும். 1993 செப்டம்பர் 13இல் வாஷிங்டனில் இரு தரப்பாரும் கைகுலுக்கினார்கள். ஜெருசலம், அகதிகள், யூதக் குடியேற்றங்கள், எல்லை ஆகியவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒத்தி வைத்தார்கள். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. ஹுதைபிய்யாவில் தம் பெயரை அடுத்திருந்த 'ரஸூலுல்லாஹ்' என்ற சொல்லையே அழிக்கச் சம்மதித்து உடன்படிக்கை செய்த நபியின் உம்மத்தாருக்குச் சமாதானம் என்ற சொல் கசக்கலாகாது. பறித்ததைத் திருப்பித் தராத சமாதானம்தான் நிலைக்காது.

இனி உதவி பற்றி. ஊரில் ஜகாத்துக்கு உரியவர்கள் இருக்கையில் அதை வெளியூருக்கு அனுப்பலாகாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் பலமான சொல். ஹனஃபீ மத்ஹபில் அது மக்ரூஹ். அங்கே தேவை மிகுந்திருந்தால் மக்ரூஹ் இல்லை. ஸதகாவுக்கு இந்தக் கட்டு எதுவுமில்லை. பெறுபவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. காஸாவில் உள்ள கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் அது போய்ச் சேரலாம். நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வழியில், கணக்குக் காட்டும் அமைப்பிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உண்டியலோடு வாசலில் நிற்பவரிடம், பணம் எவர் கையில் போய்ச் சேரும் என்று கேட்பதில் குற்றமில்லை.