எதில் மூன்றில் ஒரு பங்கு?

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மைசூருக்கு ஆசிரியப் படிப்புக்குப் போனதிலிருந்து போனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தவள், நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். எழுத வைத்தது பின்னம் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். "வகுப்பில் முக்காலே மூணு வீசம் பேருக்கு 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டத் தெரிகிறது. அதையே வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் பாதிப் பேர் பேனாவைக் கடிக்கிறார்கள்" என்கிறாய். நீ போகிறபோக்கில் எழுதிய அந்த முக்காலே மூணு வீசமே ஒரு பின்னக் கூட்டல்தான். முக்கால் 3/4. வீசம் 1/16, மூன்று வீசம் 3/16. சேர்த்தால் 15/16. உன் வகுப்பில் 32 பிள்ளைகள் என்றால் 30 பேர். உன் பாட்டி தினம் பத்துத் தடவை இதைச் சொல்லியிருப்பாள், ஒரு தடவைகூட மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) எடுத்திருக்க மாட்டாள்.

நீ பயிற்சி வகுப்பு எடுக்கும் அதே ஊரில் நானும் ஒரு காலத்தில் சாக்பீஸ் பிடித்துப் பழகினேன். மானசகங்கோத்ரியில் இருக்கும் உங்கள் மண்டலக் கல்வியியல் நிறுவனத்துக்கு அப்போது மண்டலக் கல்வியியல் கல்லூரி என்று பெயர். 1963-இல் தொடங்கியது. தென் மாநிலங்கள் எல்லாவற்றிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். பயிற்சிக்காக ஊருக்குள் ஒரு பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். முதல் நாளே கரும்பலகையில் பெரிதாக இரண்டு வரி எழுதிப்போட்டேன்: 'டோட்டல்' வந்தால் கூட்டு, 'லெஃப்ட்' (மீதி) வந்தால் கழி. பிள்ளைகள் கடகடவென்று கணக்குப் போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேற்பார்வைக்கு வந்த பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எழுந்து வந்து ஒரே ஒரு கணக்குக் கொடுத்தார். துணிக்கடைக்காரர் ஒரு துண்டுத் துணியிலிருந்து 3/4 மீட்டர் வெட்டிக் கொடுத்தார், மீதி 5/8 மீட்டர் இருக்கிறது, முதலில் எவ்வளவு இருந்தது? வகுப்பு முழுக்க ஒரே குரலில் 1/8 மீட்டர் என்றது. 'மீதி' என்ற சொல் காதில் விழுந்ததும் கழித்துவிட்டார்கள். ஒரு சாண்கூட இல்லாத துணியிலிருந்து முக்கால் மீட்டர் வெட்டிய கடைக்காரரைப் பற்றி ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. பேராசிரியர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. டஸ்டரை எடுத்து அந்த இரண்டு வரியையும் அழித்துவிட்டுப் போனார். விடை 1 3/8 மீட்டர் என்று மறுநாள் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இன்றைக்கும் கோச்சிங் நோட்ஸ்களில் அந்த இரண்டு வரி உயிரோடு இருக்கிறது. நீ எழுதிப்போடாதே.

அதற்குப் பதில் என்ன சொல்லிக்கொடுப்பது என்றுதானே கேட்கிறாய்? ஒரே ஒரு கேள்வி: எதில்? பின்னம் எங்கே வந்தாலும் பிள்ளை பேனாவைத் திறக்குமுன் இதைக் கேட்டாக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு சரி, எதில் மூன்றில் ஒரு பங்கு?

நாளைக்கு வகுப்புக்கு ஓர் அரை லிட்டர் நந்தினி பால் பாக்கெட்டும், அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடியும் எடுத்துப்போ. இரண்டு கணக்குகளைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுது. ஒன்று: வீட்டில் அரை லிட்டர் பால் இருந்தது, காப்பிக்கு 1/3 லிட்டர் எடுத்தார்கள், மீதி எவ்வளவு? இன்னொன்று: வீட்டில் அரை லிட்டர் பால் இருந்தது, காப்பிக்கு அதில் 1/3 பங்கு எடுத்தார்கள், மீதி எவ்வளவு? எண்கள் அவையேதான். 'லிட்டர்' போய் 'அதில்', 'பங்கு' என்று இரண்டு சிறு சொற்கள் வந்திருக்கின்றன. முதல் கணக்குக்கு 1/2-இலிருந்து 1/3 போக 1/6 லிட்டர். இரண்டாவதில் எடுத்ததே அரை லிட்டரில் மூன்றில் ஒன்று, அதாவது 1/6 லிட்டர். அது போக மீதி 1/3 லிட்டர். முதல் வீட்டில் மிஞ்சியதைப் போல இரண்டு மடங்கு. பலகையில் விளக்குவதற்கு முன்னால் ஊற்றிக் காட்டு. ஜாடியில் பால் நிற்கும் உயரத்தைப் பார்த்த பிள்ளை அந்த 'அதில்' என்ற சொல்லைத் தாண்டிக் குதிக்காது.

எதில் என்பதை வைத்தே கணக்குகளைப் பிரித்துப் பெயர் வைத்தவர் ஒருவர் உண்டு, நீ இருக்கும் மாநிலத்துக்காரர். ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷ நிருபதுங்கன் காலத்தில் 'கணித சார சங்கிரகம்' எழுதிய மகாவீராசாரியர். சமண ஆசிரியர். மன்னரின் தலைநகரான மான்யகேடம் இன்றைய மல்கேட், கலபுரகி மாவட்டம். மைசூரிலிருந்து ரொம்ப வடக்கே. வேற்றினப் பின்னங்களைக் கூட்ட மீ.சி.ம. எடுக்கும் வழியை 'நிருத்தம்' என்ற பெயரிட்டுச் சொன்னவர் அவர். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. மொத்தத்தில் இத்தனை பங்கு என்று வரும் கணக்குகளை 'பாகம்' என்றும், மிஞ்சியதில் இத்தனை பங்கு என்று வரும் கணக்குகளை 'சேஷம்' என்றும் தனித்தனி வகையாகப் பிரித்து வைத்தார். நம் பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே பயிற்சியில் கலந்து கொட்டிவிட்டு, பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று புகார் சொல்கின்றன.

அவருடைய முத்துமாலைக் கணக்கு பிரசித்தம். காதலர் ஊடலில் மாலை அறுந்துபோகிறது. முத்துகளில் மூன்றில் ஒரு பங்கு பணிப்பெண் கைக்குப் போகிறது, ஆறில் ஒரு பங்கு படுக்கையில் விழுகிறது. பிறகு மிஞ்சியதில் பாதி, அதில் மிஞ்சியதில் பாதி என்று ஆறு தடவை சிதறுகிறது. கடைசியில் 1,161 முத்து மிச்சம். முதல் இரண்டும் பாகம், பின்னால் வருவதெல்லாம் சேஷம். 1/3-உம் 1/6-உம் சேர்ந்து பாதி. மீதிப் பாதியை ஆறு தடவை பாதியாக்கினால் 1/128. ஆகவே மாலையில் 1,48,608 முத்து. அத்தனை முத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் ஊடவேறு செய்தாள் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கணக்குப் புத்தகத்தில் ஒருவர் அறுபது தர்பூசணி வாங்குவதை இன்று கேலி செய்கிறோமே, அந்தக் கேலிக்கு ஆயிரத்து நூறு வருஷப் பாரம்பரியம் உண்டு. இந்த நூலைப் பதிப்பித்து ஆங்கிலத்திலும் பெயர்த்துத் தந்தவர் சென்னை மாநிலக் கல்லூரிச் சமஸ்கிருதப் பேராசிரியர் எம். ரங்காசாரியார், சென்னை அரசு 1912-இல் அச்சிட்டது. உங்கள் நூலகத்தில் கேட்டுப் பார்.

இனி, மூன்றாவது பெஞ்சில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய பையன். நீ சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. அவன் கண்ணால் பார். இரண்டு மார்க் கேள்வியில் ஒரு மார்க், மூன்று மார்க் கேள்வியில் ஒரு மார்க் வாங்கினால் மொத்தம் ஐந்துக்கு இரண்டு என்றுதானே நீயே அவன் தாளில் போடுகிறாய்? அங்கே மேலேயும் கீழேயும் கூட்டுவது சரி, ஏனென்றால் முழுசும் சேர்ந்து வளர்கிறது. அரை தோசையும் மூன்றில் ஒரு பங்கு தோசையும் சாப்பிட்டால் முழுசு அதே ஒரு தோசைதான், அது ஐந்து துண்டாக மாறுவதில்லை. மேலும் 2/5 என்பது 1/2-ஐவிடக் குறைவு. அரை தோசைக்கு மேல் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டவன் வயிற்றில் அரை தோசைக்கும் குறைவாகவா இருக்கும்? இதை நீ சொல்லிவிடாதே. அவனையே கண்டுபிடிக்க விடு.

ஒருநாள் சாயங்காலம் பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு தேவராஜ மார்க்கெட்டுக்குப் போ. எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது, இருந்தாலும் இரும்புப் படிக்கல் வைத்து நிறுக்கும் கடை ஒன்றிரண்டு கண்ணில் படும். 500 கிராம், 200, 100, 50. கால் கிலோவுக்குத் தனிக் கல் கிடையாது. 200-உம் 50-உம் போடுவார்கள். 1/4 = 1/5 + 1/20. முக்கால் கிலோ கேட்டால் 500, 200, 50 மூன்று கல். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் பழைய வாய்பாடு ஞாபகம் வரும். 1/20-க்குத் தமிழில் மா என்று பெயர். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வேலி நிலம் இருபது மா. 1/5 என்றால் நாலு மா. நாலு மாவோடு ஒரு மா சேர்த்தால் ஐந்து மா, அதுதான் கால். மைசூர்க் கடைக்காரர் 200 கிராம் கல்லோடு 50 கிராம் கல்லை வைக்கும்போது நாலு மாவோடு ஒரு மாவைக் கூட்டுகிறார்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் முந்திரி, காணி, மா, வீசம், அரைக்கால், கால் என்று மனப்பாடம் செய்தார்களே, அதில் ஒரு சூட்சுமம் உண்டு. முந்திரி 1/320. காணி நாலு முந்திரி, மா பதினாறு முந்திரி, வீசம் இருபது முந்திரி, அரைக்கால் நாற்பது, கால் எண்பது. இந்தப் பின்னங்கள் எல்லாமே முந்திரியில் முழு எண்ணாகிவிடும். பகுதியைச் சமமாக்கும் வேலையை மொழியே முன்கூட்டிச் செய்து வைத்திருந்தது. முக்காலே மூணு வீசம் என்றால் 240-உம் 60-உம், 300 முந்திரி.

ஆனால் 320-ஐ மூன்றால் வகுத்துப் பார், மீதி நிற்கும். அண்ணன் தம்பி மூன்று பேர் சொத்தைப் பிரித்தால் முந்திரி கைவிட்டுவிடும். பழைய ரூபாயில் நிலைமை தலைகீழ். 16 அணா, 192 பை. மூன்றில் ஒரு பங்கு சுத்தமாக 5 அணா 4 பை. ஐந்தில் ஒரு பங்குதான் வராது. 320 என்பது 64 × 5, 192 என்பது 64 × 3. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நூறு நயா பைசா வந்ததும் ஐந்து பேருக்கு 20 பைசா வீதம் கிடைத்தது, மூன்று பேர் மறுபடி கையைப் பிசைந்தார்கள். மீ.சி.ம. எதற்கு என்று பிள்ளை கேட்டால் இந்தக் கதையைச் சொல். இருக்கிற சில்லறையில் பிரியாதபோது பிரிகிற மாதிரி புதுச் சில்லறை அடிப்பதுதான் அது. 1/2-க்கும் 1/3-க்கும் ஆறில் ஒன்று என்ற சில்லறை போதும். மூன்று சில்லறையும் இரண்டு சில்லறையும் ஐந்து சில்லறை, 5/6.

உன் வகுப்பில் கன்னடம், தமிழ், உருது எல்லாம் பேசுகிற பிள்ளைகள் இருப்பதைத் தொல்லையாக எழுதியிருந்தாய். அது உனக்கு வாய்த்த அதிர்ஷ்டம். கன்னடப் பிள்ளைக்குக் காலு, அரெ, முக்காலு எல்லாம் நம்முடையதைப் போலத்தான். ஒன்றே முக்கால் என்று நாம் ஒன்றோடு முக்காலைக் கூட்டிச் சொல்கிறோம். உருது பேசும் வீட்டில் அதையே 'பௌனே தோ' என்பார்கள்: இரண்டுக்குக் கால் குறைவு. நாம் 1 + 3/4 என்று போவதை அவர்கள் 2 − 1/4 என்று வருகிறார்கள். இரண்டு பிள்ளைகளையும் பலகைக்கு அழைத்து அவரவர் வீட்டுப் பேச்சை எண்ணாக எழுதச் சொல். விடை ஒன்றுதான் என்று தெரிந்ததும் வகுப்பில் எழும் சத்தம் எந்த மாதிரிப் பாடத்திலும் வராது.

விடை எவ்வளவு வரும் என்று குத்துமதிப்பாகச் சொல்லவும் பழக்கு. 1978-இல் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 ஏறக்குறைய எவ்வளவு என்று கேட்டு 1, 2, 19, 21 என்று விடைகளும் கொடுத்தார்கள். 2 என்று சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 24 பேர். 19 என்றவர்கள் 28, 21 என்றவர்கள் 27. மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. உன் பாட்டியிடம் கேட்டிருந்தால், ரெண்டுமே முக்காலே மூணு வீசம் மாதிரிதானே, சேர்த்தால் ரெண்டுக்குக் கொஞ்சம் குறையும் என்றிருப்பாள்.

அந்த மூன்றாவது பெஞ்சுப் பையனிடம் 2/5 எப்படி வந்தது என்று கேட்டுவிட்டாயா? திட்டுகிற குரலில் கேட்காதே, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேள். அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய கணக்கு வாத்தியார்