சீனம் செல்லும் மருமகனுக்கு



வைத்தியப் படிப்புக்காக நீ பிரயாணப்படும் இத்தருணத்தில், கம்பளிச் சட்டை முதல் ஊறுகாய் ஜாடி வரையில் சொல்ல வேண்டியதையெல்லாம் அக்காள் சொல்லியிருப்பாளாகையால், குவாங்சோவில் சில காலம் வியாபாரம் செய்தவன் என்ற உரிமையில் நான் கைபேசியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாம் அல்லும் பகலும் புழங்கும் வாட்ஸ்அப் சீனத்தில் 2017 முதலும், டெலிகிராம் 2015 முதலும் தடுக்கப்பட்டிருக்கின்றன. 2024 ஏப்ரலில் அரசாங்க உத்தரவின்பேரில் ஆப்பிள் கம்பெனி இவற்றைத் தன் சீனச் செயலிக் கடையிலிருந்தே அகற்றிவிட்டது. அவர்களுடைய செய்திச் செயலியான வீசாட்டையோ 2020 ஜூனில் நம் சர்க்கார் தடை செய்தது. தாயும் பிள்ளையும் க்ஷேமம் விசாரித்துக்கொள்ள இரண்டு ராஜாங்கங்களுமாகச் சேர்ந்து ஒரு வாசலையும் விட்டுவைக்கவில்லை! ஆயினும், ஊர் சிம் கார்டை ரோமிங்கில் வைத்துக்கொண்டால், அதன் தரவுப் போக்குவரத்து பெரும்பாலும் நம் கம்பெனி வழியாகவே நடப்பதால், வாட்ஸ்அப் திறக்கும். சற்றே செலவானாலும் வீட்டோடு பேச அது போதும். தடையைத் தாண்ட உதவும் வி.பி.என்., அனுமதி பெறாததாயின், அங்கே சட்டவிரோதம், அபராதமும் உண்டு என்பதை அறிந்துகொள்.

நான் வற்புறுத்திச் சொல்வது வேறு. வீசாட்டில் தணிக்கைக்கு இலக்கான செய்தி, அனுப்பியவன் கண்ணுக்குப் போய்விட்டதாகவே தோன்றும். பெறுபவனிடம் ஒன்றும் வந்திராது. இருவருக்கும் அறிவிப்பு கிடையாது. இதில் எரிச்சலுற்று, உடன் படிக்கும் சீனப் பிள்ளைகளை, 'டெலிகிராமில் குழு வைத்துக்கொள்வோம், வாருங்கள்' என்று நீ அழைத்துவிடாதே. 2022 நவம்பரில் கொரோனாக் கட்டுப்பாடுகளை எதிர்த்து வெள்ளைக் காகிதம் ஏந்தி இளைஞர்கள் வீதிக்கு வந்த பிறகு, ஷாங்காயில் போலீசார் வழியில் போவோரை நிறுத்திக் கைபேசியை வாங்கி, டெலிகிராமும் வி.பி.என்.னும் இருக்கின்றனவா என்று சோதித்தார்கள். அன்னியப் பிரஜையான நீ படிப்பு முடிந்ததும் விமானம் ஏறிவிடுவாய். அந்தப் பிள்ளைக்கோ பெற்றோரும் உத்தியோகமும் ஆயுசு முழுவதும் அவ்வூரிலேதான். அவனாக ஒன்றைப் பேச முன்வந்தால், நேரில் நடந்துகொண்டே கேட்டுக்கொள், எழுதச் சொல்லாதே.

வீசாட் குழுவுக்கு நிர்வாகியாக இருக்கவும் ஒப்பாதே. 2017-இல் வந்த விதிப்படி, குழுவில் நடப்பதற்கு அதைத் தொடங்கியவனும் நிர்வகிப்பவனுமே பொறுப்பாளிகள். நம் தமிழ்ப் பிள்ளைகள் எதையும் படிக்காமலே அனுப்பி வைக்கும் சுபாவம் உனக்குத் தெரியாததல்ல.

சிம் கார்டில் ரோமிங் வசதியைப் புறப்படுமுன் இங்கேயே செய்துகொள். அங்கே போய்ச் செய்வது சிரமம்.

இப்படிக்கு,
மாமன்