முழங்கால் நோவு: குளிசைக்கு முன் செய்ய வேண்டியவை

களை பிடுங்குவது, மிளகாய்ப்பழம் ஆய்வது, கச்சான் ஆய்வது என்று வன்னியில் பெண்களின் தோட்ட வேலை பாதி குனிந்தும் மீதி குந்தியிருந்துமே நடக்கிறது. ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால் கடுக்கத் தொடங்கும். உடனே பாமசிக்கு ஆள் அனுப்பி டைக்குளோபினாக் வாங்கி விழுங்குகிறோம். இந்த மண்ணில் அந்தப் பழக்கம் இரட்டிப்பு ஆபத்து. 1990களில் மெதவாச்சிப் பக்கம் தெரியவந்த, காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுக் கிராமங்களிலும் உண்டு. தொடக்கத்தில் அது எந்தக் குறியும் காட்டாது. இவ்வகை நோவுக் குளிசைகளோ சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை.

முதலில், எந்த நோவு என்று பாருங்கள். காலையில் எழும்பியதும் கொஞ்ச நேரம் மூட்டு இறுகி, அரை மணிக்குள் இளகி, படியேறும்போது நொந்தால் பெரும்பாலும் தேய்மானம். இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, இறுக்கம் ஒரு மணிக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு இலையும் எண்ணெயும் போதாது. மருந்து பிந்தினால் மூட்டு கோணிப்போகும், கிளினிக்குக்குப் போங்கள். ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்து, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆசுபத்திரி.

தேய்மானத்துக்கு ஒத்தடம் நல்லது. நொச்சி இலையும் ஆமணக்கிலையும் ஒவ்வொரு பிடி எடுத்து அரிந்து, தாச்சியில் இரண்டு கரண்டி வேப்பெண்ணெய் விட்டு, இலை வாடி மணம் வரும்வரை வதக்குங்கள். பழைய பருத்திச் சீலைத் துண்டில் கட்டிக் கிழியாக்கி, முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பொறுக்கிற சூடுதான் முழங்காலுக்கும். பதினைந்து நிமிடம் போதும். நோவை இளக்குவதில் பெரும்பங்கு சூட்டுக்குத்தான் என்பது என் எண்ணம். இலை கிடைக்காத நாளில் சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்த துவாயும் உதவும். சலரோகத்தால் கால் விறைத்தவர்கள் சூடு வைக்க வேண்டாம், சுட்டாலும் தெரியாது. போரில் பட்ட செல் துண்டு உள்ளே கிடக்கிற இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள்.

ஒத்தடம் முடிந்ததும் தேகப்பயிற்சி. நம்மவர்கள் தட்டிக்கழிப்பது இதைத்தான், ஆனால் அதிகம் பலன் தருவதும் இதுதான். கதிரையில் நிமிர்ந்திருந்து ஒரு காலை நேரே நீட்டி, தொடைச் சதையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் மாலையும். தொடை பலத்தால்தான் முழங்காலின் சுமை குறையும். பலன் தெரிய ஆறு முதல் எட்டுக் கிழமை ஆகும், இடையில் விடக்கூடாது. செயற்கைக்கால் போட்டவர்கள் மற்றக் காலுக்கு இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கூடுதல் பாரம் அதன் மேல்தான்.

குந்தியிருப்பதைக் குறையுங்கள். கச்சானை மேசையில் குவித்துக் கதிரையில் இருந்து ஆயலாம். மலசலகூடத்துக்குக் கொமட் கதிரை ஒன்று வையுங்கள்; வீட்டுக்காரர் வெட்கப்பட்டாலும் வையுங்கள். உடம்பு பருத்தவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும்.

சாப்பாட்டில் முடக்கொத்தான் ரசம் வையுங்கள், கிடைத்தால் சூடை மீனும் சேருங்கள். தேய்ந்த மூட்டை எந்த இலையும் திரும்ப வளர்க்காது. பெயர் ஒட்டாத பொடியையும் குளிசையையும் யார் தந்தாலும் வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். சித்த மருந்து வேண்டுமென்றால் பதிவு செய்த வைத்தியரிடம் போங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குளிசை தேவைப்பட்டால், வைத்தியரிடம் சொல்லி சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினை இரத்தத்தில் பார்த்த பிறகு எடுங்கள்.