கியர் விழவில்லையா? கழற்றும் முன் காரணம் காண்போம்

“கார் ஒன்றில் கியர் விழவில்லை. என்ன செய்வீர்கள்?” என்று மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களிடம் கேட்டேன். “கியர் பாக்ஸைக் கழற்றணும் ஐயா” என்றது வகுப்பு முழுவதும். இதே விடையுடன் நாளை பட்டறைக்குச் செல்லும் மாணவர், சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடிய குறைக்காக ஒரு நாள் உழைப்பையும் வண்டி உரிமையாளரின் பணத்தையும் வீணாக்கிவிடுவார். காரணத்தைப் பிரித்தறியக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

அறிமுகம்

இருவர் கயிற்றைச் சுற்ற, ஒரு மாணவியை உள்ளே நுழையச் சொல்லுங்கள். அவர் உடனே நுழைவதில்லை. கயிற்றின் வேகத்தோடு தன் வேகத்தைப் பொருத்திக்கொண்ட பிறகே நுழைகிறார். கியர் மாற்றத்திலும் இதுவே நிகழ்கிறது. அதற்கு மூன்று செயல்கள் சரியாக நடக்க வேண்டும்.

1. கிளட்ச், என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் உள்ள தொடர்பை முழுமையாகத் துண்டிக்க வேண்டும்.
2. கியர் லீவரின் அசைவு, கேபிள் அல்லது தண்டு வழியாக உள்ளிருக்கும் கவைக்குச் சென்றுசேர வேண்டும்.
3. சின்க்ரோனைசர் வளையம் உராய்வின் மூலம், இணைய வேண்டிய பகுதிகளின் வேகத்தைச் சமமாக்க வேண்டும்.

செய்முறை

வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, கைபிரேக் இட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஆசிரியர் மட்டுமே அமர வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் மாணவர்கள் நிற்கக் கூடாது.

முதலில் என்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்சை அழுத்தி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். பற்கள் நேருக்கு நேர் முட்டி நின்றால், கிளட்சை ஒருமுறை விட்டு மீண்டும் அழுத்தி முயலலாம். பிறகு நியூட்ரலில் என்ஜினை இயக்கி, பிரேக்கையும் கிளட்சையும் முழுமையாக அழுத்தியபடி அதையே செய்யுங்கள். முடிவுகளை மாணவர்கள் அட்டவணையாக எழுதட்டும்.

* என்ஜின் நின்றிருக்கும்போது எளிதாக விழுந்து, ஓடும்போது எல்லாக் கியரும் கடினம் என்றால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை. ஹைட்ராலிக் கிளட்சில் திரவ அளவையும் கசிவையும் பாருங்கள். மிதியைப் பலமுறை அழுத்தினால் நிலை மேம்படுகிறது எனில் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். கேபிள் வகையில் மிதியின் தளர்வு மிகுந்திருக்கலாம்.
* இரு நிலையிலும் கடினம் என்றால், லீவரிலிருந்து செல்லும் கேபிள், தண்டு, அவற்றின் இணைப்புப் புஷ்கள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.
* ஓட்டும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் ‘கரகர’ ஒலி என்றால், அந்தக் கியரின் சின்க்ரோனைசர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கியர் பாக்ஸைத் திறக்க வேண்டிய நிலை இங்குதான் வருகிறது.

ரிவர்ஸ் கியரில் மாணவர்கள் தடுமாறுவார்கள். பல கார்களில் அதற்குச் சின்க்ரோனைசர் இல்லை. கிளட்சை அழுத்திச் சில விநாடிகள் காத்திருந்து போட்டால் ஒலி வராது. காத்திருந்தும் உரசினால் கிளட்சையே ஐயுற வேண்டும்.

மதிப்பீடு

“காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் கியர் கடினம். பிறகு சரியாகிறது. முதலில் எதைப் பார்ப்பாய்?” குளிரில் கெட்டியான கியர் ஆயில், அதன் தரம், அளவு என்று விடை வந்தால் பாடம் சென்றுசேர்ந்துவிட்டது. “ஏன்?” என்றும் கேளுங்கள். காரணம் கூறாத விடைக்குப் பாதி மதிப்பெண் போதும்.

இம்முறை தொழிற்கல்விக்கு மட்டும் உரியதன்று. 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதும் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கழித்தலே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குதல் மட்டுமே அதற்குப் புரியவில்லை. அங்கும் பாடம் முழுவதையும் மீண்டும் தொடங்கும் முன், எந்தப் படியில் தடை என்று பார்த்துவிடலாம்.